காற்றில்லாத நாளிலும் கடல் சீறுவது ஏன்?

கேள்வி: புயலும் இல்லை, காற்றும் இல்லை. அப்படியிருந்தும் தூண்டில் வளைவில் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) ஏறக்கூடாது என்கிறார்களே, ஏன்?
- வாசகர், கொல்லங்கோடு

பதில்: அது கள்ளக்கடல். தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் கிளப்பிய அலைகள் சில நாள் பயணித்து இங்கே கரையேறும். நம் வானம் தெளிந்தே இருக்கும். அலைக்கு அலை 15 நொடிக்கு மேலும் இடைவெளி விழுவதால் கடல் அடங்கிவிட்டது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் கடலுக்கு முதுகு காட்டிச் செல்ஃபி எடுக்கிறார்கள், பாவம். பாசிக்கல்லில் கால் வழுக்கினால் கல் இடுக்கில் சிக்குவோம். அடுத்த அலை கல்லோடு மோதும். அங்கே நீச்சல் உதவாது. விழுந்தவர் பின்னால் குதிக்கவே குதிக்காதீர்கள்! கயிறோ மூடிய காலிக் கேனோ வீசிவிட்டு 112-ஐ அழையுங்கள். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கை விலகும்வரை மணலிலும் இறங்க வேண்டாம்.