ஹசார்ட் விளக்கு, எட்டாம் நம்பர் ஊசி, அந்தியில் பூக்கும் சுரை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நான்கு இண்டிகேட்டரையும் போடுகிறேன். அதற்கும் திட்டுகிறார்கள். இதில் என்ன தப்பு?
– வாசகர், ஈரோடு

பதில்: நேராகப் போவதற்கு எந்த விளக்கும் வேண்டாம். இண்டிகேட்டர் போடாமல் வருகிறவர் நேராகப் போகிறார் என்றுதான் மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கையும் போட்டால் ஆபத்து பக்கவாட்டில் இருந்து வரும். இடப்பக்கச் சாலையில் காத்திருப்பவருக்கு உங்கள் இடப்பக்க விளக்கு மட்டுமே தெரியும். 'இவர் நம் சாலைக்குள் திரும்பப் போகிறார்' என்று நம்பி அவர் வண்டியை எடுப்பார். நீங்களோ நேரே வந்துகொண்டிருப்பீர்கள்.

மழையில் ஹசார்ட் (நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுவது) போட்டபடி ஓட்டுவதும் இதே கதைதான். நான்கும் மின்னிக்கொண்டிருந்தால் லேன் மாறுவதை எதைக் கொண்டு காட்டுவது? மழைக்கு லோ பீம் (முகப்பு விளக்கின் தாழ்ந்த வெளிச்சம்) போதும். வண்டி பழுதாகி வழியில் நிற்கும்போதும், கயிறு கட்டி இழுத்துப் போகும்போதும்தான் ஹசார்டுக்கு வேலை.

கேள்வி: குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் பர்லியாறு வருவதற்குள் பிரேக் கருகும் வாடை அடிக்கிறது. பிரேக் பேட் புதிதாகத்தான் மாற்றினேன். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது வழக்கம்.
– வாசகர், கோவை

பதில்: பேடைக் குறை சொல்லாதீர்கள், நியூட்ரல்தான் காரணம். அந்தச் சாலை ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம் இறங்குகிறது. எஞ்சின் பிடிக்காதபோது அவ்வளவு வேகத்தையும் பிரேக் ஒன்றே சூடாக்கித் தீர்க்க வேண்டும். ஓர் அளவுக்கு மேல் சூடானால் பேட் பிடிக்காது. பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயிலில் நீர் ஏறியிருந்தால் அது கொதித்து ஆவியாகி, பெடல் தொளதொளவென்று உள்ளே போய்விடும். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' அல்லது மேனுவல் நிலை. வளைவுக்கு முன்பே பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே வருவதுதான் கெடுதல். வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுக்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரைமணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிவிடும்.

பெட்ரோல் கணக்கும் தப்பு. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் எரிபொருள் வருவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்காகச் சிறிது எரிந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: இணையத்தில் பார்த்த பின்னல் மாதிரியில் 8-ஆம் நம்பர் ஊசி என்று போட்டிருந்தது. அதே நம்பரை இங்கே வாங்கி, 2 வயதுப் பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னினேன். கைக்குழந்தைக்குத்தான் சேரும் போலிருக்கிறது. கண்ணியை (பின்னல் வளையத்தை) எண்ணித்தான் போட்டேன்.
– வாசகி, குன்னூர்

பதில்: கண்ணி சரி, ஊசிதான் வேறு. நம் கடைகளில் கிடைப்பது பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. இணைய மாதிரியில் இருந்தது அமெரிக்க எண்ணாக இருக்கும், அது நேர்மாறு. அங்கே 8 என்பது 5 மி.மீ., நம் எட்டுக்கு ஈடானது அவர்களின் 6. எந்த மாதிரியானாலும் மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

ஒரு மி.மீ. வித்தியாசம் என்ன செய்யும்? மாதிரி 10 செ.மீ.க்கு 18 கண்ணி கேட்கிறது, உங்கள் கையில் 22 விழுகிறது என்று வையுங்கள். 99 கண்ணி போட்டால் மார்புச் சுற்று 55 செ.மீ.க்குப் பதில் 45 வரும். 2 வயது ஸ்வெட்டர் 6 மாதக் குழந்தைக்குப் போய்விடும்.

அதனால், வாங்கிய நூலிலேயே முதலில் 35 கண்ணி ஏற்றி 15 செ.மீ. உயரம் பின்னுங்கள். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படித் துவைத்து, படுக்கவைத்து உலர்த்தி, நடுவில் உள்ள 10 செ.மீ.யில் எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணாதீர்கள், அங்கே கண்ணி இழுபடும். கண்ணி கூடுதலாக வந்தால் ஒரு அளவு தடித்த ஊசி, குறைந்தால் மெல்லியது. இந்தத் துண்டைப் பின்னச் சோம்பல்படாதவர்கள் குறைவு. அவர்களே ஸ்வெட்டரைப் பிரிக்காதவர்கள்.

கழுத்துப் பட்டியின் கடைசி வரிசைக் கண்ணிகளை மூடும்போது மட்டும் ஒரு அளவு தடித்த ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தலை நுழையாது.

கேள்வி: மஃப்ளர் ஓரம் குழலாகச் சுருண்டுகொள்கிறது. இஸ்திரி போட்டால் சரியாகுமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: ஆகாது. ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று பின்னினால் துணியின் இரு முகத்துக்கும் இழுவை வேறு, சுருளத்தான் செய்யும். அக்ரிலிக் நூலில் சூடான இஸ்திரி பட்டால் உருகித் தட்டையாகிவிடும், மீளாது. அடுத்த மஃப்ளரில் இரு ஓரமும் 5 கண்ணியை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 6 வரிசை அப்படியே.

கேள்வி: மாடியில் சுரைக்கொடி நிறையப் பூக்கிறது. பிஞ்சு விரல் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவுகிறேன், பயனில்லை.
– வாசகி, திருச்சி

பதில்: காலை ஏழு மணிக்குச் சுரைப்பூ வாடத் தொடங்கியிருக்கும். பூசணி, பாகல் காலையில் மலரும். சுரை, பீர்க்கு, புடலை மாலையில்தான் மலரும். மாலை ஆறு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண். வெறும் காம்பு என்றால் ஆண். அன்று மலர்ந்த ஆண்பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடி (பூவின் நடுமுனை) முழுதும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பகுதியில் மட்டும் பட்டால் காய் கோணலாகும். ஓர் ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும்.

தொடக்கத்தில் ஆண்பூ மட்டுமே வருவது இயல்பு, கவலை வேண்டாம். பெண்பூ பக்கக் கிளையில்தான் அதிகம். ஆகவே தாய்க்கொடி ஆறடி போனதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஒரு பைக்கு ஒரே கொடி.

உதிர்ந்த பிஞ்சை அறுத்தும் பாருங்கள். மேலே ஊசி குத்திய புள்ளியும் பிசினும், உள்ளே புழுவும் இருந்தால் அது பழ ஈ; மகரந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. காய் பிடித்ததும் காகித உறை கட்டுங்கள். புழுத்த பிஞ்சை உரக்குழியில் போட்டால் அடுத்த தலைமுறை ஈ அங்கிருந்துதான் கிளம்பும். நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் வையுங்கள்.

கேள்வி: பப்பாளியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி. மருந்து அடித்தால் போய்விட்டு, முன்னிலும் அதிகமாக வருகிறது.
– வாசகர், சேலம்

பதில்: மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் போர்வை இருப்பதால் மருந்து அதைச் சரியாகத் தொடுவதில்லை, அதைத் தின்னும் பூச்சிகளே முதலில் சாகின்றன. 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி அடங்கியது, 2010-ல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியால். மருந்து அந்தக் குளவிக்கும் நஞ்சு.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பூச்சியை உதிர்த்துவிடுங்கள். பிறகு 5 மி.லி. வேப்பெண்ணெயில் 2 மி.லி. சோப்புக் கரைசலைக் குழைத்து, அதன் மேல் ஒரு லிட்டர் நீரை ஊற்றிக் கலக்குங்கள். நேராகத் தண்ணீரில் எண்ணெயை விட்டால் மேலே மிதக்கும், இலை கருகும். வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள்; வாரம் ஒருமுறை, மூன்று தடவை. எறும்பு ஏறும் தண்டில் பசை நாடா சுற்றுங்கள், மாவுப்பூச்சியைக் காவல் காப்பது எறும்புதான்.

கூட்டத்தில் ஒன்று மட்டும் பெரிதாக, வெள்ளை இழை போர்த்தி, விறுவிறுவென்று நகர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சுப்புழு. அந்தக் கிளைக்கு எண்ணெய்க் கரைசலும் வேண்டாம்.