பெர்ட் பிளைலெவன், ஜாக் மோரிஸ்: இருவரில் சிறந்த பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) யார்?

"பிளைலெவன் 287 வெற்றி, 250 தோல்வி. மோரிஸ் 254 வெற்றி, 186 தோல்வி. சதவீதக் கணக்குப் பார்த்தால் மோரிஸ்தானே பெரிய ஆள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பிளைலெவன்தான். அதுவும் கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் அல்ல.

பேஸ்பாலில் பிட்சரின் வெற்றி தோல்விக் கணக்கைப் பார்த்து ஏமாறுவது மிகச் சுலபம். தொடக்க பிட்சர் ஆட்டத்தின் 9 இன்னிங்ஸில் (சுற்றுகளில்) குறைந்தது 5 வீசியிருக்க வேண்டும், அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை கடைசிவரை நிலைக்க வேண்டும். அப்போதுதான் வெற்றி அவர் பெயரில் ஏறும். ரன் எடுத்துத் தர வேண்டியதோ சக ஆட்டக்காரர்கள். கிரிக்கெட்டில் 4 விக்கெட் எடுத்த பௌலர் தலையில் அணியின் தோல்வியை யாரும் கட்டுவதில்லை, இங்கே கட்டுகிறார்கள்.

1973-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மினசோட்டா ட்வின்ஸ் அணிக்காக 22 வயது பிளைலெவன் அந்த ஆண்டு 325 இன்னிங்ஸ் வீசினார். இ.ஆர்.ஏ., அதாவது 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்ததாகக் கணக்கில் சேரும் ரன், 2.52. இது குறையக் குறைய நல்லது. எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தது 9 முறை. பலன்? 20 வெற்றி, 17 தோல்வி. அதே ஆண்டு ஓக்லண்ட் அணியின் கேட்ஃபிஷ் ஹண்டருக்கு இ.ஆர்.ஏ. 3.34, ஆனால் 21 வெற்றி, 5 தோல்வி மட்டுமே. ஓக்லண்ட் உலகத் தொடரை (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரை) வென்ற அணி, ட்வின்ஸ் 81 வென்று 81 தோற்ற அணி. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் ஹண்டர் மூன்றாவது இடம், பிளைலெவன் வெகு கீழே.

இ.ஆர்.ஏ.வையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. ரன் மழை பொழியும் மைதானம் உண்டு, வறண்ட காலமும் உண்டு. அதையெல்லாம் சரிசெய்து, லீக் சராசரியை 100 என்று வைத்துப் பார்க்கும் கணக்குதான் இ.ஆர்.ஏ. பிளஸ்; இது கூடக் கூட நல்லது. பிளைலெவனுக்கு 118, மோரிஸுக்கு 105.

அப்புறம், சமகாலத்தவர்களோடு வைத்துப் பாருங்கள். ஃபெர்கி ஜென்கின்ஸ் 284 வெற்றி, இ.ஆர்.ஏ. 3.34. பிளைலெவன் 287, 3.31. ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஜென்கின்ஸ் 1991-லேயே பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போய்விட்டார். அவர் ஏழு ஆண்டுகள் 20 வெற்றிகளைத் தொட்டவர், சை யங் விருதும் வாங்கியவர். பிளைலெவனுக்கு 20 வெற்றி அந்த ஒரே ஆண்டுதான், சை யங் கிடைக்கவே இல்லை. 1998-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு எழுத்தாளர்கள் போடும் வாக்குச்சீட்டில் முதல்முறை பெயர் வந்தபோது 17.5 சதவீதம்தான் கிடைத்தது. தேவையான 75-ஐத் தாண்ட 2011 ஆனது, பதினான்காவது முயற்சி. 3,701 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), 60 ஷட்அவுட் (ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்த முழு ஆட்டம்) வைத்திருந்த மனிதருக்கு!

அவர் அப்பழுக்கற்றவர் என்றும் சொல்ல மாட்டேன். 1986-ல் 50 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) கொடுத்தார். ஒரே சீசனில் அது இன்றும் சாதனை.

மோரிஸ் பக்கமும் நியாயம் உண்டு. 1991 உலகத் தொடரின் ஏழாவது, முடிவு சொல்லும் ஆட்டத்தில் அவர் ட்வின்ஸ் அணிக்காக வீச, அட்லாண்டாவுக்கு எதிராக 9 இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. மனிதர் இறங்க மாட்டேன் என்று பத்தாவது இன்னிங்ஸும் வீசினார். மொத்தம் 126 பந்துகள், ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. அந்த இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில், ட்வின்ஸ் பேட் செய்தபோது, ஜீன் லார்க்கின் அடித்த அடியில் ட்வின்ஸ் 1-0 என்று கோப்பையைத் தூக்கியது. அந்த இரவுக்காக எத்தனை புகழ்ந்தாலும் தகும்.

ஆனால் அவருடைய ரசிகர்கள் இதற்கு மேல் ஒரு வாதம் வைப்பார்கள்: "முன்னிலையில் இருக்கும்போது கொஞ்சம் தளர்த்தி வீசுவார், அதனால்தான் இ.ஆர்.ஏ. 3.90." ஆட்டம் ஆட்டமாக எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆதாரம் சிக்கவில்லை. ஸ்கோருக்கு ஏற்ப வீசுவதுதான் திறமை என்றால், 1-0 என்று 15 ஆட்டங்களை வென்ற பிளைலெவனை என்ன சொல்வது?

மோரிஸ் 2018-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் வந்தபோது, எழுத்தாளர்கள் 15 ஆண்டுகள் மறுத்தபின் ஒரு குழுதான் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. இருவரையும் ஒரே தட்டில் வைப்பதுதான் சரியில்லை. ஆட்டக்காரரின் மொத்தப் பங்களிப்பை அளக்கும் 'வார்' கணக்கைப் பாருங்கள்: இணையதளத்துக்கு இணையதளம் எண் மாறும், ஆனால் எதில் பார்த்தாலும் பிளைலெவன் மோரிஸைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.