நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று எப்படிச் செய்தி சொல்லிக்கொள்கின்றன?

என்னென்ன வேதிப்பொருள்களை இச்செல்கள் அனுப்புகின்றன என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள்; பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், அனுப்பப்படும் பொருளைவிட அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியையே (செல்லில் இருந்து செய்தியைப் பற்றும் புரதம்) முதலில் கவனிக்கச் சொல்வேன்.

திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் காலில் உடைமுள் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முள்ளோடு புகுந்த பாக்டீரியாவின் உறைப்பொருள்களை, தோலுக்கடியில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் கிருமி விழுங்கும் செல்கள் தம்முடைய டோல் வகை ஏற்பிகளால் அடையாளம் கண்டு, சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றுள் இன்டர்லூகின்-8, ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களை முள் தைத்த இடத்துக்கு இழுக்கிறது. பிறகு அங்கே கட்டும் சீழில் பெரும்பகுதி அவ்வாறு வந்து மடிந்த செல்கள்தாம். இன்டர்லூகின்-6 கல்லீரலை அடைந்தால் அது அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதத்தைப் பெருக்குகிறது (மருத்துவர் ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்வது இதைத்தான்). அதே இன்டர்லூகின்-6 காய்ச்சலைத் தூண்டுவதிலும் பங்கு கொள்கிறது. பொருள் ஒன்றுதான், பெறும் செல்லைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

சைட்டோகைன் செல்லுக்குள் நுழைவதில்லை. இன்டர்லூகின்-6 போன்றவை வெளியே பற்றியதும் ஏற்பியின் புரதச் சங்கிலிகள் நெருங்கிச் சேர, உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜாக் என்னும் நொதிகள் விழித்து, செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் ஸ்டாட் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அப்புரதங்கள் உட்கருவுக்குள் போய் உரிய மரபணுக்களை இயக்குகின்றன.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது, டி செல் என்னும் வெள்ளையணுக்களைப் பெருகச் செய்யும் இன்டர்லூகின்-2இன் ஏற்பி. ஓய்விலிருக்கும் டி செல்லில் அதன் பீட்டா, காமா என்னும் இரு சங்கிலிகளே இருப்பதால் பிடிப்பு குறைவு. கிருமியின் துணுக்கை அடையாளம் கண்டு தூண்டப்பட்ட செல்லோ ஆல்பா என்னும் மூன்றாவதையும் உருவாக்கி, மிகச் சொற்ப அளவையும் பற்றிக்கொண்டு பெருகுகிறது. எதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் ஆல்பாவை எப்போதும் ஏந்தியிருப்பதால், சுற்றியுள்ள இன்டர்லூகின்-2ஐ உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே, 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் பொடிகளைப் பார்க்கும்போதெல்லாம், எந்தச் செல்லின் சக்தியை என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் காமா சங்கிலியை இன்டர்லூகின்-4, 7, 9, 15, 21 ஆகியவற்றின் ஏற்பிகளும் பகிர்ந்துகொள்கின்றன. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அது பழுதுபட்டால் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே. அவர்களுடைய உடலில் சைட்டோகைன்கள் இருந்தும் டி செல்கள் வளர்வதில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால் பலரைக் காப்பாற்ற முடிகிறது. ஆனால் குறைபாடு தெரியவருவதற்கு முன்பே, பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி தடுப்பூசியிலுள்ள உயிருள்ள கிருமிகூட அக்குழந்தைக்கு ஆபத்தாகலாம்.