அதிர்வெண் தேர்வுப் பரப்பைச் சுருக்கும்போது அலைபேசி அலையும் அடைபடுவது ஏன்?

கேள்வி: ஆய்வு மாணவன் நான். 2.45 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையைத் தடுத்து, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைபேசி அலையை மட்டும் விடும் அதிர்வெண் தேர்வுப் பரப்பொன்றை எஃப்.ஆர்.4 என்ற கண்ணாடியிழைச் சுற்றுப்பலகையில் வடிவமைக்கிறேன். சதுரச் செப்பு வளையத்தை வைத்தபோது, பரப்பில் திரும்பத் திரும்ப வரும் அலகான கலம் 22 மி.மீ. ஆனது. செப்புப் பட்டைகளை அகலமாக்கி இடைவெளியை 0.1 மி.மீ. ஆகக் குறைத்து 11 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். அதிர்வெண் சரியாக அமைந்தது, ஆனால் அலைபேசி அலையும் 13 டெசிபெல் குறைந்துவிட்டது. தவறு எங்கே? என்னிடமிருப்பது 15 செ.மீ. பலகை மட்டுமே, இதை எப்படிச் சோதிப்பது?

பதில்: அதிர்வெண் சரியாக அமைந்ததே உங்களைத் திசைதிருப்பிவிட்டது. இத்தகைய பரப்பை அலையின் பாதைக்குக் குறுக்கே வைத்த ஒரு மின்தூண்டியும் ஒரு மின்தேக்கியும் தொடராக இணைந்த சுற்றாகக் கருதலாம். ஒத்ததிர்வு, அதாவது பரப்பு மிக அதிகமாகத் தடுக்கும் அதிர்வெண், அவ்விரண்டின் பெருக்கற்பலனைப் பொறுத்தது. தடைபடும் அதிர்வெண்களின் வரம்பான தடைப்பட்டையின் அகலமோ தூண்டலின் அளவை மட்டும் பொறுத்தது. ஒரே வடிவத்தைப் பாதியாகச் சுருக்கினால் தூண்டல், தேக்குத்திறன் இரண்டும் பாதியாகும். நீங்கள் இழந்ததை முழுவதும் தேக்குத்திறனைக் கூட்டியே ஈடுகட்டினீர்கள். தூண்டல் குறைந்தபடியே இருக்க, தடைப்பட்டை விரிந்து அலைபேசிப் பட்டையையும் விழுங்கிவிட்டது. 4.2 நானோஹென்றி, 1 பிக்கோஃபாரட் என்று வைத்து 1.8 கிகாஹெர்ட்ஸில் கணக்கிட்டுப் பாருங்கள், நீங்கள் அளந்த அதே 13 டெசிபெல் வரும்.

ஆகவே எது கடந்துபோக வேண்டும் என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்க வேண்டும். அலைபேசி அலையின் இழப்பு 3 டெசிபெல்லைத் தாண்டக் கூடாதெனில், அந்த அதிர்வெண்ணில் பரப்பின் எதிர்வினைப்பு (தூண்டலும் தேக்குத்திறனும் சேர்ந்து தரும் மின்தடுப்பு) வெற்றிடத் தடையான 377 ஓமில் பாதியளவாவது இருக்க வேண்டும். 1800 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் வரும் 1.84 கிகாஹெர்ட்ஸுக்கு இதைக் கணக்கிட்டால் சுமார் 21 நானோஹென்றி தூண்டலும், அதற்கேற்ப 0.2 பிக்கோஃபாரட் தேக்குத்திறனும் வேண்டும். அப்போதும் 10 டெசிபெல் தடைப்பட்டை ஏறத்தாழ 470 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். வைஃபைக்கு வேண்டியது 83.5 மெகாஹெர்ட்ஸ்தானே என்று இதை மேலும் குறுக்கிவிடாதீர்கள்: எஃப்.ஆர்.4 பலகையின் மின்கடத்தா மாறிலி 4.2 முதல் 4.7 வரை மாறக்கூடியது, அதனால் மட்டுமே ஒத்ததிர்வு 100 மெகாஹெர்ட்ஸ் வரை நகரலாம்.

இனி 21 நானோஹென்றியைக் கலத்துக்குள் எப்படி அடக்குவது என்பதுதான் உண்மையான சிக்கல். 11 மி.மீ. கலத்தில் 0.2 மி.மீ. அகலமுள்ள நேர்கோடு ஏறத்தாழ 7.6 நானோஹென்றிதான் தரும், கோட்டை 0.1 மி.மீ. ஆக்கினாலும் 9ஐ எட்டுவதே பெரிது, ஏனெனில் அகலத்துடன் உள்ள தொடர்பு மடக்கைத் (லாகரிதம்) தொடர்பு. நான் 14.4 மி.மீ. கலத்தையே பரிந்துரைப்பேன். அது அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கைவிடச் சற்றுச் சிறியது. சாய்ந்து வரும் அலைக்கும் கீற்றணிக் கதிர்கள் (கலங்களின் வரிசையால் வேறு திசைகளில் சிதறும் அலைகள்) எழ இடமில்லை. அதில் அதே நேர்கோடு 11 நானோஹென்றி தருவதால் அதைச் சுமார் இரு மடங்காக்கினால் போதும். வளையத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் உள்நோக்கி மடித்து நீளமாக்குங்கள். அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று குறைப்பதால், இரு மடங்கு தூண்டலுக்கு இரு மடங்குக்கும் மேலான நீளம் தேவைப்படும். மடிப்புகளை நெருக்கமாக அடுக்காமல் சற்றே விலக்கி வையுங்கள். சுருள் வடிவம் கூடுதல் தூண்டல் தருமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் கீழே சொல்லும் சோதனைக்கு ஆடிச்சமச்சீர் (கண்ணாடியில் பார்த்தாலும் மாறாத வடிவம்) வேண்டும், அது சுருளில் இருக்காது.

விலையுயர்ந்த பலகை தேவையில்லை. செப்பின் தடையும் பலகையின் இழப்பும் சேர்ந்து 7 ஓம் அளவில் இருந்தால், ஒத்ததிர்வில் தடுப்பு 25 டெசிபெல்லுக்கு மேலேயே நிற்கும்.

சோதனைக்கு வருவோம். 15 செ.மீ. என்பது இந்த அதிர்வெண்ணில் ஒன்றேகால் அலைநீளம்கூட இல்லை. இரண்டு ஹார்ன் ஆண்டெனாக்களுக்கிடையே வைத்தால் விளிம்பைச் சுற்றி வரும் அலையையே அளப்பீர்கள். டபிள்யூ.ஆர்.340 அலைநடத்தியை (அலையை உள்ளே கடத்தும் செவ்வக உலோகக் குழாய்) பயன்படுத்துங்கள். அதன் உட்குறுக்களவு 86.36 × 43.18 மி.மீ.; 14.4 மி.மீ. கலங்கள் ஆறும் மூன்றுமாக அதில் கச்சிதமாக அமையும் (14.4 மி.மீ. என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்). உலோகச் சுவர்கள் கண்ணாடிபோல் செயல்பட்டு, முடிவற்ற பரப்பு போன்ற சூழலை உண்டாக்கும். ஆனால் 2.45 கிகாஹெர்ட்ஸில் அந்த அலைநடத்திக்குள் ஓடும் அலை, பரப்பின் மீது ஏறத்தாழ 45 பாகை சாய்வில் விழும் அலைக்குச் சமம். மின்புலம் படுதளத்துக்கு (அலையின் திசையும் பரப்பின் செங்குத்துக்கோடும் அமையும் தளம்) செங்குத்தாக இருக்கும் இந்நிலையில் அலைத் தடை உயர்வதால், தடைப்பட்டை, அலை பரப்பின் மீது நேராக விழும் நேர்படுநிலையைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு விரிந்து தெரியும். எனவே அளவீட்டை 45 பாகைக் கணினி உருவகிப்புடன் ஒப்பிடுங்கள். நேர்படுநிலை வளைவுடன் ஒப்பிட்டுப் பிழை தேடினால் நாள்கள் வீணாகும்.

கடைசியாக, சன்னல் கண்ணாடியில் நேரடியாக ஒட்டுவதானால் கண்ணாடியையும் உருவகிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் மின்கடத்தா மாறிலி 6 அளவில் இருப்பதால், வெறும் பலகைக்குச் சரிசெய்த ஒத்ததிர்வு கீழிறங்கி அலைபேசிப் பட்டையை நெருங்கும்.