கழிவு போட்ட பின்பும் 150 ரூபா கூட: புடவைக்கடையிடம் காசைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி:

டிசம்பர் 20 ஆம் திகதி யாழ்ப்பாணம் நகரில் ஒரு புடவைக்கடையில் பொங்கலுக்கு உடுப்பு எடுத்தோம். "நத்தார், புதுவருட, பொங்கல் மலிவு விற்பனை. எல்லாவற்றுக்கும் 30 வீதக் கழிவு. 25,000 ரூபாவுக்கு மேல் எடுத்தால் றைஸ் குக்கர் இலவசம்" என்று வாசலில் பெரிய பனர் கட்டியிருந்தார்கள். ஒரு சாறியில் 9,500 ரூபா என்று விலை ஒட்டியிருந்தது. கழிவு போக 6,650. வீட்டுக்கு வந்து ஸ்ரிக்கரை உரித்தால் அடியில் இன்னொரு ஸ்ரிக்கர், அதில் 6,500. மொத்த பில் 26,400 ரூபா. காசை வங்கிக் காட்டில் (அட்டையில்) கட்டியதால் அதற்கு மேலும் 3 வீதம் கூட்டி 27,192 எடுத்துவிட்டார்கள். குக்கர் இரண்டாம் நாளே சூடாகவில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பாத்துத்தானே அம்மா எடுத்தனீங்கள். சும்மா குடுத்த சாமானுக்கு என்ன வாரண்டி?" என்கிறார் முதலாளி. பில்லின் அடியில் "விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது" என்றும் அச்சடித்திருக்கிறது. கடையின் பெயரைப் போட்டு பேஸ்புக்கில் எழுதுகிறேன் என்று மகள் நிற்கிறாள். என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை, கொக்குவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குக் கசப்பான விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சாறியை இன்ன விலைக்குத்தான் விற்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அரிசி போன்ற பொருட்களுக்கு வர்த்தமானியில் உச்ச விலை போடுவார்கள். அப்படி விலை போடப்பட்ட பொருளை அதற்கு மேல் விற்றால் குற்றம். சாறிக்கு அந்த வகைக் கட்டுப்பாடு கிடையாது. 6,500 ரூபாவுக்கு விற்ற சாறிக்கு 9,500 என்று விலையைக் கூட்டுவது கடைக்காரரின் விருப்பம். வாங்குவதும் விடுவதும் எங்கள் விருப்பம். ஆகவே "கூடுதல் விலைக்கு விற்றார்" என்று முறைப்பாடு எழுதினீர்களானால் அது முதற்படியிலேயே நின்றுவிடும்.

அவர் மாட்டுப்படுவது அந்த "30 வீதக் கழிவு" என்ற சொல்லில்தான். 9,500 இல் 30 வீதம் 2,850. அது போக 6,650. பழைய ஸ்ரிக்கரோ 6,500. கழிவு தந்ததாகச் சொல்லி 150 ரூபா கூட வாங்கியிருக்கிறார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு இதற்கென்றே எழுதியது போல இருக்கும். வியாபாரி எவரும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துகிற, அல்லது அப்படி வழிநடத்தக்கூடிய எந்த நடத்தையிலும் ஈடுபடக்கூடாது என்பது அதன் சாரம். அந்த "வழிநடத்தக்கூடிய" என்பதைக் கவனியுங்கள். நீங்கள் உண்மையில் ஏமாந்தீர்களா என்பதைக்கூட நிரூபிக்கத் தேவையில்லை, சாதாரண ஒருவரை ஏமாற்றக்கூடிய வேலையாக இருந்தாலே போதும். "பாத்துத்தானே எடுத்தனீங்கள்" என்ற முதலாளியின் கதை இந்த இடத்தில் எடுபடாது. நீங்கள் பார்த்தது மேல் ஸ்ரிக்கரை. அடியில் இருந்ததைப் பார்க்கவிடாமல்தானே ஒட்டியிருந்தது!

இனி அவருடைய பக்கத்து வாதத்தையும் கேளுங்கள், ஏனென்றால் விசாரணையில் அதைத்தான் சொல்வார். "அது போன வருசத்து ஸ்ரிக்கர். பிறகு கொள்வனவு விலை ஏறினது. தீபாவளி தொடக்கம் 9,500 க்குத்தான் விற்றுக்கொண்டு வாறன். இப்ப கழிவு போட்டிருக்கிறன்." இது உண்மையாகவும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில், கழிவு அறிவிக்கும் கடை அதற்கு முந்தின 30 நாளில் இருந்த ஆகக் குறைந்த விலையைக் காட்டவேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி நாள் கணக்கு ஒன்றும் இல்லை. அதனால் சண்டை முழுவதும் ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: மலிவு விற்பனைக்கு முதல் அந்தச் சாறி 9,500 க்கு உண்மையில் விற்கப்பட்டதா?

அதற்கான சாட்சியத்தைத்தான் நீங்கள் இப்போது சேர்க்கவேண்டும். கடை தன் பேஸ்புக்கிலோ வைபர் குழுவிலோ நவம்பரில் அதே சாறியின் படத்தை விலையோடு போட்டிருந்தால் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். உங்கள் பாடசாலையில் வேறு ஆசிரியை ஒருவர் தீபாவளிக்கு அதே ரகம் எடுத்திருந்தால் அவருடைய பில் தங்கம். பனரையும் இன்றே படம் எடுங்கள், பொங்கல் முடிந்த மறுநாள் கழற்றிவிடுவார்கள். ஸ்ரிக்கரை மேலும் உரிக்க வேண்டாம். அரைவாசி உரிந்து இரண்டு விலையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிகிற நிலையிலேயே, சாறியோடு சேர்த்துப் படம் எடுத்து, ஸ்ரிக்கர் சாறியில் இருந்தபடியே இருக்கட்டும். தனியே கழன்ற ஸ்ரிக்கரை "இது எங்கடை கடையிலை ஒட்டினது இல்லை" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

பில்லில் 9,500 என்று போட்டு 2,850 கழித்துக் காட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். காட்டியிருந்தால் கழிவு பற்றிய அவருடைய கூற்று எழுத்திலேயே உங்கள் கையில் இருக்கிறது. நெரிசல் நாளில் சில கடைகள் மொத்தத்தை மட்டும் ஒரு துண்டில் எழுதித் தந்து அனுப்பிவிடுவார்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும், அதில் திகதி, எடுத்த பொருளின் அளவு, கட்டிய விலை எல்லாம் இருக்கவேண்டும். இதுவும் அதே சட்டத்தில் உள்ள கடமைதான். ஆனால் கேட்கவேண்டும். எங்கள் சனம் வரிசையில் பின்னால் நிற்பவர் முறைக்கிறார் என்று கேட்காமலே வந்துவிடும்.

முறைப்பாட்டுக்குக் கால எல்லை உண்டு. வாங்கிய நாளில் இருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். உங்களுக்கு மார்ச் 20 க்கு முதல். யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் அலுவலகத்தில் நேரே கொடுக்கலாம். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் சொல்லலாம். ஆனால் தொலைபேசியோடு நிறுத்தவேண்டாம், எழுத்தில் கொடுத்துப் பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள்.

ஒன்றை விளங்கிக்கொண்டு போங்கள். 30 ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட்டால் அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும். அந்தத் தண்டப்பணத்தில் உங்கள் கைக்கு ஒரு சதமும் வராது. காசைத் திரும்பப் பெற உதவுவது 13 ஆம் பிரிவு. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ வியாபாரி கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால், அதிகார சபை விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். உங்கள் குக்கர் இதற்குள் நேரே வரும். சாறி வருமா என்பது வாதத்துக்குரியது, ஏனென்றால் சாறியில் பழுது இல்லை, அதன் விலையைப் பற்றிச் சொன்னதில்தான் பிழை. ஆகவே கடிதத்தில் இரண்டு பிரிவையும் குறிப்பிடுங்கள். என் கணிப்பில், அதிகாரி கடைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு தரப்பையும் இருத்திக் கதைக்கும்போதே சாறிக் கதை தீர வாய்ப்பு அதிகம். 30 ஆம் பிரிவு வழக்கு தலைக்கு மேல் இருக்கையில் ஒரு சாறியைத் திருப்பி எடுப்பது அவருக்கு மலிவு.

குக்கர் "சும்மா குடுத்தது" என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 25,000 ரூபாவுக்கு மேல் எடுத்தால் தருவேன் என்று சொல்லி, நீங்கள் 26,400 க்கு எடுத்த பிறகு தந்தது. அந்த எல்லையைத் தொடுவதற்காகவே கணவருக்கு இன்னொரு சேர்ட்டும் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். எங்கள் ஒப்பந்தச் சட்டம் உரோம டச்சு வழியில் வந்தது. ஆங்கிலச் சட்டம் போல ஒவ்வொரு வாக்குக்கும் பிரதிபலன் எங்கே, அதாவது பதிலுக்கு என்ன கொடுத்தார் என்று தேடாது, நியாயமான நோக்கத்தோடு கொடுத்த வாக்காக இருந்தாலே கட்டுப்படுத்தும். இங்கே நீங்கள் காசும் கட்டியிருக்கிறீர்கள். சமைக்காத குக்கர் குக்கர் அல்ல. குக்கர்ப் பெட்டியில் உற்பத்தியாளரின் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் உத்தரவாத அட்டையும் இருந்தால் அவர்களையும் முறைப்பாட்டில் சேருங்கள்.

பில் அடியில் உள்ள "மீளப் பெறப்படமாட்டாது" வசனத்துக்கு ஒரு எல்லைக்குள் மட்டும் பலம் உண்டு. நிறம் பிடிக்கவில்லை, மாமி வேறு எடுத்துவிட்டார் என்று திருப்பினால் கடை மறுக்கலாம். சட்டம் உங்கள் பக்கம் வராது. ஆனால் பழுதான பொருளும், சொன்னதற்கு மாறான பொருளும் வேறு கதை. 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விற்பனையோடு சேர்த்தே சில நிபந்தனைகளை உட்கிடையாக வைக்கிறது. அவற்றை அச்சடித்த ஒரு வரியால் நுகர்வோருக்கு எதிராகத் தட்டிக்கழிப்பதைக் கட்டுப்படுத்தவே 1997 இல் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் வந்தது.

காட்டுக்கு எடுத்த 3 வீதம், 792 ரூபா. இதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு ஆகச் சுலபமான பகுதி. காட் இயந்திரம் கொடுக்கும் வங்கிக்குக் கடை செலுத்தவேண்டிய கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது. அது கடைக்கும் வங்கிக்கும் உள்ள உடன்படிக்கைக்கு முரண், மத்திய வங்கியும் இதைப் பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. உங்களுக்குக் காட் தந்த வங்கிக்கு பில்லையும் காட் துண்டையும் சேர்த்து ஒரு கடிதம் கொடுங்கள். 26,400 க்கும் 27,192 க்கும் உள்ள வித்தியாசமே சாட்சி. "காசுக்கு மட்டும்தான் கழிவு" என்று கடை இனிமேல் கதை மாற்றினால், பனரில் அப்படி ஒரு வரி இல்லை என்பதைக் காட்டுங்கள்.

மகளின் பேஸ்புக் யோசனைக்கு வருவோம். பிள்ளையின் கோபம் நியாயமானது. என்றாலும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். குற்றவியல் மானநட்டச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டது, குடியியல் வழக்கு இன்னும் இருக்கிறது. அதிலும் எங்கள் உரோம டச்சுச் சட்டத்தில் "உண்மையைத்தான் எழுதினேன்" என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காக எழுதினேன் என்றும் காட்டவேண்டும். இதற்கு மேல் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளுக்கென்று தனியே இருக்கிறது. இரண்டு ஸ்ரிக்கரின் படத்தையும் பில்லையும் போட்டு, "30 வீதக் கழிவு என்று வாங்கியதில் அடியில் இந்த விலை இருந்தது" என்று எழுதினால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. "கள்ளக் கடை", "ஊரை ஏய்க்கிறவன்" என்று எழுதினால், முறைப்பாட்டாளராக இருந்த நீங்கள் எதிராளியாகிவிடுவீர்கள்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"டிசம்பர் 20 அன்று மேற்படி கடையில் 30 வீதக் கழிவு என்ற அறிவித்தலை நம்பி ஒரு சாறியை 6,650 ரூபாவுக்கு வாங்கினேன். 9,500 ரூபா ஸ்ரிக்கரின் கீழ் 6,500 ரூபா ஸ்ரிக்கர் காணப்பட்டது. அதே பில்லுக்குரிய சலுகையாகத் தரப்பட்ட றைஸ் குக்கர் இரண்டாம் நாள் பழுதானது. சாறியின் பணத்தைத் திருப்பித் தருமாறும் குக்கரை மாற்றித் தருமாறும் கேட்டேன், மறுக்கப்பட்டது. 13, 30 ஆம் பிரிவுகளின் கீழ் விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பில், காட் துண்டு, படங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

இதன் ஒரு பிரதியை முதலில் கடை முகாமையாளரிடம் கொடுத்து ஒரு கிழமை தவணை சொல்லுங்கள். அதற்குள்ளேயே தொலைபேசி வரக்கூடும். வராவிட்டால் கச்சேரிக்குப் போங்கள். அங்கும் தீராவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபை இருக்கிறது, அங்கே சட்டத்தரணிகளுக்கு இடமில்லை, ஆகவே அந்தச் செலவும் இல்லை. ஒரு சாறிக்கும் ஒரு குக்கருக்கும் எங்களிடம் வழக்குப் பேச வந்தீர்களானால் முதல் தவணைக் கட்டணமே சாறி விலையைத் தாண்டிவிடும்.

அதுவரை அந்தச் சாறியை உடுக்கவேண்டாம். சட்டைத் துணியை வெட்டித் தையல்காரரிடம் கொடுத்துவிடவும் வேண்டாம்.