கோல் பிடித்தவரைப் பாராட்டி எழுத: சுங்கை சிப்புட் தங்கச்சிக்கு

வணக்கம் தங்கச்சி. கோலாலம்பூர் டேவான் பில்ஹார்மோனிக் இசை அரங்கில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். மன்ற ஆண்டு மலருக்கு இசை நடத்துநரைப் பாராட்டி எழுத வேண்டும், 'அருமை, அற்புதம்' தவிர ஒன்றும் வரவில்லை என்கிறீர்கள். சரி, அவர் எடுத்த முடிவுகளைத் தேடிப் பாருங்கள்.

முதல் ஸ்வரத்துக்கு முன்பே இசைக்குறிப்பில் ஒரு சிறு மௌனம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே கையசைவில் மொத்தக் குழுவும் வேகத்தைப் பிடித்தாக வேண்டும். நம் கோயிலில் மூத்தவர் கண்ணைக் காட்டியதும் உருமி மேளம் இறங்குமே, அது போல. நான்காம் ஸ்வரத்தை எவ்வளவு நீட்டுவது என்பதும் அவர் விருப்பம். பீத்தோவன் குறித்தது நிமிடத்துக்கு 108 தட்டு. பலர் அதைவிட மெதுவாகத்தான் போவார்கள். நடத்துநர் கார்லோஸ் கிளைபர் 1974இல் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு செய்த பதிவை விமர்சகர்கள் இன்னும் தூக்கிவைத்துப் பேசுவது அதன் விறுவிறுப்புக்காக. ஒருமுறை கேட்டு ஒப்பிடுங்கள்.

ஆனால் எனக்குப் பெரிய சோதனை மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காம் பகுதிக்குள் போகும் இடம். டிம்பனி முரசு மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும், வயலின்கள் ஏறும், அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவிகள் வெடிக்கும். அவசரக்காரர் சத்தத்தை முன்பே கொட்டிவிடுவார். உங்கள் நடத்துநர் கடைசி நொடி வரை அடக்கி வைத்தாரா? அதை எழுதுங்கள். அப்புறம், முதல் பகுதியில் ஓபோ என்ற ஊதுகுழல் தனியாகப் பாடும்போது அந்தக் கலைஞரை அவர்போக்கில் விட்டாரா என்றும் பாருங்கள். கைவீச்சு, கோட்டு, தலைமுடி பற்றியெல்லாம் வேண்டாம்.