ஸ்டேட்டஸ் குவோ எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரி வாசிக்கும் பிரிட்டிஷ் ராக் குழு என்கிறார்களே, பிறகு ஏன் இவ்வளவு ரசிகர்கள்?

ஒரே மாதிரி வாசிக்கிறார்கள் என்ற புகார் ஓரளவு உண்மைதான். அவர்களே அதை மறுக்கவில்லை. 2007இல் வந்த ஆல்பத்துக்கு 'நான்காவது கார்டைத் தேடி' என்று பொருள்படும் தலைப்பை வைத்துத் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். கார்டு (chord) என்பது சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கூட்டு; மூன்றே கார்டுகளில் எல்லாப் பாட்டையும் முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் மீதான புகார். ஆனால் ஒரே மாதிரி என்றால் எளிது என்று நினைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

கிட்டார் பழகத் தொடங்கிய புதிதில், 'ராக்கிங் ஆல் ஓவர் தி வேர்ல்டு' பாட்டின் ரிதம் பகுதியை ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இடக்கைக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு விரலை நீட்டி மடக்கினால் போதும். சோதனை வலக்கைக்குத்தான். இந்தக் குழுவின் அடையாளமான பூகி ஷஃபிள் தாளம் என்பது ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து, நடுவில் இருப்பதை விட்டுவிட்டு வாசிப்பது. நம் கணக்கில் சொன்னால், திஸ்ர நடையின் 'தகிட'வில் 'கி'யை விழுங்கிவிடுவது. இரண்டாவது நிமிடத்தில் முன்கை கனத்தது. மூன்றாவது நிமிடத்தில் தாளம் எங்கோ போய்விட்டது, நான் எங்கோ நின்றேன். குழுவின் கிட்டார் கலைஞர்கள் பிரான்சிஸ் ராஸியும் ரிக் பார்ஃபிட்டும் இதை இரவுதோறும் மணிக்கணக்கில், இரண்டு டெலிகாஸ்டர் கிட்டார்களும் ஒன்றேபோல் ஒலிக்க வாசித்தவர்கள்.

இத்தனைக்கும் இது அவர்கள் பிறந்த பாணி அன்று. 1962இல் தென்கிழக்கு லண்டன் பள்ளி ஒன்றில் ராஸியும் ஆலன் லங்காஸ்டரும் தொடங்கிய குழு, வேறு சில பெயர்களைக் கடந்துதான் 1967இல் இந்தப் பெயருக்கு வந்து சேர்ந்தது. மறு ஆண்டு வந்த 'பிக்சர்ஸ் ஆஃப் மேட்ச்ஸ்டிக் மென்' கனவு மயக்கம் போன்ற ஒலிகளைக் கலக்கும் அன்றைய சைக்கடெலிக் மோஸ்தரில் அமைந்த பாட்டு. விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் 7ஆம் இடம், அமெரிக்காவில் 12ஆம் இடம். அமெரிக்காவில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பெரிய வெற்றியும் அதுதான். மோஸ்தர் முடிந்ததும் பாட்டுகள் எடுபடவில்லை. அப்போதுதான் பூப்போட்ட சட்டைகளைக் கழற்றிவிட்டு ஜீன்ஸுக்கும் பூகிக்கும் மாறினார்கள். வெற்றி தந்த பாணியை விட்டுவிட்டு, நீண்ட தலைமுடியும் வியர்வையுமாகச் சின்னச் சின்ன மேடைகளில் முதலிலிருந்து தொடங்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

1972இல் வெர்டிகோ இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறியபின் வந்த ஐந்து ஆண்டுகளே என் கணக்கில் இந்தக் குழுவின் பொற்காலம். 'பைல்டிரைவர்', 'ஹலோ!', 'குவோ', 'ஆன் தி லெவல்' என்று ஆல்பங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் 'ஹலோ!' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1975 ஜனவரியில் 'டவுன் டவுன்' பாட்டும் முதலிடத்துக்கு ஏறியது. ஒற்றைப் பாட்டுகளில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே முதலிடம் அது. ராஸி, பார்ஃபிட், லங்காஸ்டர், டிரம்ஸில் ஜான் காக்லன்: ரசிகர்கள் 'குவோ' என்றாலே மனத்தில் நினைப்பது இந்த நால்வரைத்தான். லங்காஸ்டரின் கரடுமுரடான பேஸ் கிட்டார் வாசிப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள், பாதி பலம் போய்விடும்.

போகத்தான் செய்தது. 1981இல் காக்லன் விலகினார். 1984இல் விடைபெறும் சுற்றுப்பயணம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டே எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டு இசை நிகழ்ச்சியின் லண்டன் வெம்ப்ளி மேடையில் முதல் ராக் குழுவாக ஏறி, நான் முன்பு மல்லுக்கட்டிய அதே பாட்டோடு தொடங்கி வைத்தார்கள். அந்தப் பாட்டு அவர்கள் எழுதியதே அன்று, அமெரிக்கப் பாடகர் ஜான் ஃபோகர்ட்டியுடையது. இன்று எத்தனை பேர் நம்புவார்கள்! பிறகு குழுவின் பெயர் குறித்து லங்காஸ்டர் வழக்குத் தொடுத்தார், பிரிவு நிரந்தரமானது. 1986இன் 'இன் தி ஆர்மி நவ்' 2ஆம் இடம் வரை போனது. நல்ல பாட்டுதான், ஆனால் பூகி அல்ல. தங்கள் பாட்டை ஒலிபரப்பவில்லை என்று 1996இல் பிபிசி ரேடியோ 1 மீது வழக்குப் போட்டுத் தோற்ற கதையை நான் வருத்தத்தோடுதான் படித்தேன். வானொலி கைவிட்டாலும் அரங்குகள் நிறைந்துகொண்டுதான் இருந்தன, வழக்கு எதற்கு?

2013இல் பழைய நால்வரும் மீண்டும் சேர்ந்து வாசித்தார்கள். 2016 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பார்ஃபிட் இறந்தார், 2021இல் லங்காஸ்டர்.

கேட்கத் தொடங்குவதென்றால் தொகுப்புகள் வேண்டாம். அவற்றில் பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டால் உங்கள் கேள்வியில் உள்ள புகார்தான் உறுதியாகும். கிளாஸ்கோ அப்பல்லோ அரங்கில் பதிவாகி 1977இல் வந்த நேரடி ஆல்பத்தை எடுங்கள். அதில் 'ஃபார்ட்டி ஃபைவ் ஹண்ட்ரட் டைம்ஸ்' கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.